தொண்ணூறு நிமிடக்காரர்

வெனிங் தன் வாழ்நாளில் எதற்கும் தாமதமாகப் போனதில்லை. அப்படியிருந்தும் நான்கு வருடத்தில் முடிய வேண்டிய படிப்பை ஏழாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அது எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள். தான் சரியான நேரத்துக்குத்தான் போகிறாளாம், மற்றவர்கள்தான் வருவதில்லையாம்.

யோக்யகர்த்தாவில் இதைச் சொல்லி அனுதாபம் வாங்க முடியாது. எங்கள் ஊரில் நேரம் ரப்பரால் செய்தது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். பத்து மணிக்குக் கூட்டம் என்றால் பத்து மணிக்குக் குளிக்கப் போக வேண்டும் என்று பொருள். 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்று கைபேசியில் செய்தி வந்தால், அனுப்பியவர் இன்னும் துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். இதில் யாருக்கும் யார்மேலும் கோபம் கிடையாது. காத்திருக்க வேண்டியவரும் இன்னும் வந்திருக்க மாட்டார் அல்லவா? இடையில் மாட்டிக்கொண்டு விழிப்பது சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரு சில பேர் மட்டும்தான்.

வெனிங் அந்த ஒரு சில பேரில் ஒருத்தி. விடுதியில் அவள் அறைச் சுவர் முழுக்க அட்டவணைதான். படிப்புக்குப் பச்சை, சாப்பாட்டுக்கு மஞ்சள், தொழுகைக்கு நீலம், தலை குளிக்க ஊதா. 'எதிர்பாராதது' என்றுகூட ஒரு கட்டம் இருந்தது, புதன்கிழமை மூன்றிலிருந்து மூன்றரை வரை. பக்கத்து அறை ராத்ரி ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் வந்து படுத்துக்கொண்டு, இதை நேற்றே வரவழைத்திருக்க வேண்டும், உன் கட்டம் வீணாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாள். வெனிங்குக்கு அதில் கிண்டல் இருப்பது புரியவே அரை நாளாயிற்று.

இப்படிப்பட்டவள் கல்வி உளவியலில் எடுத்துக்கொண்ட ஆய்வுத் தலைப்பு, இறுதியாண்டு மாணவர்களின் திட்டமிடலும் நேர மேலாண்மையும். நூற்றிருபது மாணவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து ஒரு வாரத்தில் திருப்பித் தரச் சொன்னாள். ஒரு வாரத்தில் நான்கு தாள்கள் வந்தன. அதில் ஒன்று ஏதோ கடையின் இறால் பொரியல் விலைப்பட்டியல், தவறிப்போய் வந்தது. மீதியை வாங்கி முடிக்க ஒன்றரை வருடம் பிடித்தது.

மிச்ச வருடங்களைத் தின்றவர் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் சுப்ராப்தோ. நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். ஆனால் ஒன்பது மணிக்கு வரச்சொன்னால் பத்தரைக்கு வருவார். வந்ததும் சட்டைப்பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்து ஆய்வேட்டின் ஓரங்களை அளப்பார். இடப்பக்கம் நாலு சென்டிமீட்டர், மேலே நாலு, வலப்பக்கம் மூன்று, கீழே மூன்று. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அத்தியாயம் முழுவதும் திரும்பி வந்துவிடும். பிசகவில்லையென்றால் கையெழுத்துப் போடுவார். ஓரங்களுக்கு நடுவே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

அவர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து உட்கார்ந்து வெனிங் ஒரு காரியம் செய்தாள். சொன்ன நேரம், வந்த நேரம், வித்தியாசம் என்று மூன்று பத்தி போட்டுக் குறித்துவைத்தாள். நாற்பத்தோரு சந்திப்புகள், சராசரி தொண்ணூறு நிமிடம். பிறகு கை சும்மா இருக்கவில்லை. புள்ளியியல் திருத்தித் தந்த மார்யாத்தி மேடம் அறுபது நிமிடம். நகலெடுக்கும் கடைக்காரர் நாற்பது. துறை அலுவலக எழுத்தர் மட்டும் தலைகீழ். சன்னலை மூடுவதென்றால் பதினைந்து நிமிடம் முன்னாலேயே மூடிவிடுவார். எல்லோருக்கும் தாமதத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. இது மட்டும் தெரிந்தால் போதும், கழித்துச் சொல்லிவிடலாம். ஒன்பதரைக்கு வேண்டியவரை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் சரியாக ஒன்பதரைக்கு வந்து நிற்பார்.

இந்தக் கண்டுபிடிப்பில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெயர்களை மட்டும் மறைத்து 'ஆசிரியர் அ', 'ஆசிரியர் ஆ' என்று போட்டு, ஆய்வேட்டில் தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் அட்டவணையாகவே சேர்த்துவிட்டாள். அடியில் பரிந்துரை வேறு. சுப்ராப்தோ அந்தப் பக்கத்தையும் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் சரி, பல்கலைக்கழகத்தின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. பதினாலாவது பருவத்துக்குள் வாய்மொழித் தேர்வு முடியாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அவளுக்குக் கிடைத்த தேர்வு நாள், அந்தப் பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்குத் தேர்வு. ஜும்மா தொழுகைக்காக அலுவலகச் சன்னல் பதினொன்றே காலுக்கு மூடும், அதாவது எழுத்தர் கணக்கில் பதினொன்றுக்கே மூடும். அதற்குள் மூன்று தேர்வாளர்களும் கையெழுத்திட்ட தாள் உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் ஏழு வருடமும் தண்ணீரில் போட்ட உப்பு. ஊரில் அப்பா இரண்டு வருடம் முன்பே பட்டமளிப்பு விருந்துக்கென்று ஆடு ஒன்று வாங்கிக் கட்டியிருந்தார். அது இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது. அம்மா அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள், இனி அதை அறுக்க யாருக்கும் மனசு வராது. இந்தத் தடவையும் தப்பினால் ஊருக்குப் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவது என்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே கணக்கைப் போட்டாள். அலுவலகக் கடிதத்தில் ஒன்பதரை என்றுதான் இருந்தது. ஆனால் அந்தக் கடிதங்களை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, முந்தின நாள் மாணவர் அனுப்பும் நினைவூட்டல் செய்திதான் கணக்கு. அனுப்பினாள். மதிப்புக்குரிய, தொந்தரவுக்கு மன்னிக்கவும், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று மூன்று பேருக்கும் ஒரே வணக்கம், நேரம் மட்டும் வேறு. சுப்ராப்தோவுக்கு எட்டு மணி. மார்யாத்தி மேடத்துக்கு எட்டரை. மூன்றாவது தேர்வாளர் விர்யோ சார் மட்டும் துறையிலேயே சொன்ன நேரத்துக்கு வருகிறவர், அவருக்கு உள்ளபடி ஒன்பதரை. வாழ்த்தச் சால்வையும் பூச்செண்டுமாக வர வேண்டிய சிநேகிதிகளைப் பதினொன்றரைக்குப் புகைப்படம் எடுப்பதற்காகப் பத்தரைக்கு வரச்சொன்னாள். சிற்றுண்டிக் கடைக்காரி எட்டரைக்குத் தருவதற்காக ஏழரை. தனக்கு எட்டேமுக்கால், கழிக்காமல்.

ராத்ரி இதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏன்டி, யாராவது நாளைக்கு நேரத்துக்கு வந்துட்டா?"

வெனிங் சிரித்தாள். "இந்த ஊர்லயா?"

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் கணக்குப்படியே நடந்தது. கடைக்காரி எட்டு இருபத்தொன்பதுக்குப் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தாள். கோழி வைத்துச் சுருட்டிய ஒட்டரிசி, எள்ளுருண்டை, ஒரு பச்சை மிளகாய். தேர்வாளர்களுக்குச் சிற்றுண்டி வைக்காமல் இங்கே யாரும் பட்டம் வாங்குவதில்லை. ராத்ரி ஸ்கூட்டர் ஓட்ட, வெனிங் பின்னால் பெட்டிகளை மடியில் அடுக்கிக்கொண்டு முணுமுணுவென்று பாட்டுப் பாடினாள். அவள் கைபேசி ஏழிலிருந்து ஒன்பது வரை ஊமையாகக் கிடந்தது. அட்டவணையில் அது கவன நேரம். பைக்குள் அது இருபத்தாறு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு அடங்கிப்போனது அவளுக்குத் தெரியாது.

எட்டேமுக்காலுக்கு, ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல், தேர்வு அறைக் கதவைத் திறந்தாள். மேசைத் துணி விரிக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் வைக்க வேண்டும், முக்கால் மணி நேரம் இருக்கிறது. உள்ளே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

சுப்ராப்தோ நடுவில் இருந்தார். எதிரே அவள் ஆய்வேடு திறந்து கிடந்தது. வலப்பக்கம் மார்யாத்தி மேடம், ஒரு புருவம் மட்டும் தீட்டியிருந்தது. இடப்பக்கம் விர்யோ சார், இஸ்திரி போட்ட சட்டை, கால்சட்டை, காலில் குளியலறை ரப்பர் செருப்பு. மேசைமேல் மூன்று கைபேசிகள் வரிசையாகக் கிடந்தன.

என்ன நடந்தது என்பது பிறகு ஒவ்வொருவர் வாயாலும் வந்தது. சுப்ராப்தோ ஏழு ஐம்பத்தைந்துக்கே வந்துவிட்டார். அறையில் ஆளில்லை. பத்து நிமிடம் பார்த்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே தன்னைத் தானே படம் எடுத்து, ஆசிரியர்கள் குழுவில் போட்டு, நான் வந்தாயிற்று, மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். அதைப் பார்த்த விர்யோவுக்கு வீட்டில் காலைக் கஞ்சி தொண்டையில் நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் தாமதமாக வராதவர், அதுவும் சுப்ராப்தோவுக்குப் பின்னால் வருவதா? காலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வண்டியை எடுத்தார். மார்யாத்தி மேடம் கண்ணாடி முன்னால் இருந்தவர் அப்படியே கிளம்பினார். தனியாக இருந்த நேரத்தில் சுப்ராப்தோவுக்குப் படிக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. அளவுகோலை வீட்டில் மறந்துவிட்டிருந்தார். ஆகவே ஆய்வேட்டையே படித்தார்.

"உக்காரும்மா," என்றார் சுப்ராப்தோ. "எனக்கு எட்டு, மேடத்துக்கு எட்டரை, இவருக்கு ஒன்பதரை. உனக்கு எத்தனை மணி?"

வெனிங் பெட்டிகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தேர்வு ஒன்பதரைக்குத்தான் சார், நான் முக்கால் மணி முன்னாலேயே வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். விர்யோவின் கணக்கில் அது உண்மை. மேடத்தின் கணக்கில் அவள் கால் மணி தாமதம். வழிகாட்டியின் கணக்கில் முக்கால் மணி தாமதம். ஒரே ஆள் ஒரே நேரத்தில் முன்னாலும் பின்னாலும் வர முடியும் என்பது அவள் ஆய்வில் எங்கேயும் இல்லை.

சுப்ராப்தோ தொண்ணூற்று நாலாம் பக்கத்தை உரக்கப் படித்தார். ஆசிரியர் அ, நாற்பத்தோரு சந்திப்பு, தொண்ணூறு நிமிடம். பரிந்துரை, சந்திப்பு நேரத்தைத் தொண்ணூறு நிமிடம் முன்தள்ளிச் சொல்லுதல்.

"ஓரமெல்லாம் சரியா இருக்கு," என்றார். "உள்ள இருக்கிறதுதான்..." முடிக்காமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அந்தப் பேனா பைக்குள் போனதை வெனிங் பார்த்தாள். அதில்தான் அவளுடைய பட்டம் இருந்தது. தேர்வாளர்களிடமே பொய் சொன்னவள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். இனி மழுப்பிப் பிரயோசனமில்லை என்று தோன்றியது. உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஆமாம் சார், ஆசிரியர் அ நீங்கள்தான். நீங்கள் ஒன்பதரைக்கு வர வேண்டுமென்று எட்டு என்று போட்டேன். பதினொரு மணிக்குச் சன்னல் மூடிவிடும், பயமாக இருந்தது.

சுப்ராப்தோ ஆய்வேட்டை மூடி வைத்தார். பேசியபோது அவர் குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகமாக இருந்தது.

"நாப்பத்தோரு தடவை உன்னை அந்த பெஞ்சுல உக்கார வெச்சவன் நான். எனக்கே தெரியும். நேத்து உன் செய்தி வந்தப்ப, கடைசி நாளாவது இந்தப் பொண்ணுக்கு நேரத்துக்குப் போய் நிக்கணும்னு நெனச்சேன். ஏழு மணிக்கு எழுந்து கிளம்பினேன். எம் பொண்டாட்டி, ஆஸ்பத்திரிக்கான்னு கேட்டா. வந்து பாத்தா அந்த எட்டு மணியே பொய்யாம்."

வெனிங்குக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அட்டவணையில் எங்கேயும் இதற்குக் கட்டம் இல்லை. ஏழு வருடமாக அவளுக்காக ஒருத்தர் நேரத்துக்கு வந்தது அன்று ஒரே ஒரு நாள், அந்த நாளைத்தான் அவள் நம்பாமல் கழித்துவிட்டிருந்தாள். மன்னிச்சிடுங்க சார் என்றாள்.

அவள் அழுகையைக் கண்டு சுப்ராப்தோ பதறிப்போனார். அவருக்கு அழுகிற மாணவிகளைப் பார்த்துப் பழக்கமில்லை, அவர் வந்து சேருவதற்குள் எல்லோரும் அழுது முடித்திருப்பார்கள். பேச்சை மாற்ற வேண்டி அட்டவணையைத் திரும்ப எடுத்தார்.

"அதுசரி, தொண்ணூறா? அவ்வளவெல்லாம் இருக்காதே. ஒரு எழுபதுன்னா ஒத்துக்கலாம்."

"குறிப்பேடு இருக்கு சார்," என்றாள் வெனிங் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அது பெரிய தப்பாகப் போயிற்று. குறிப்பேட்டை மேசையில் வைத்ததும் தேர்வு காணாமல் போனது. சுப்ராப்தோ ஒவ்வொரு தேதியாகப் பார்த்து வாதாடத் தொடங்கினார். இந்த மார்ச் மாதத்தில் மழை, அதைச் சேர்க்கக் கூடாது. இந்த நாளில் எரிமலைச் சாம்பல். இது பெருநாளுக்கு முந்தின வாரம், அப்போது யார் வேலை பார்க்கிறார்கள்? சந்தையில் மீன்காரியோடு பேரம் பேசுகிற மாதிரி ஐந்து ஐந்து நிமிடமாகக் குறைத்துக் கேட்டார். மார்யாத்தி மேடத்துக்குத் தன்னுடைய அறுபது முதலில் கோபமூட்டியது. பக்கத்தில் தொண்ணூறு இருப்பதைக் கண்டதும் முகம் தெளிந்து, எண்ணிக்கையை மாற்றக் கூடாது, ஆய்வு நெறி கெட்டுவிடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்கு இருந்த ஒரு புருவமும் உயர்ந்து நின்றது.

விர்யோ மட்டும் அட்டவணையை மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தார்.

"இதுல நான் எங்க?"

"உங்களுக்கு வரிசை இல்ல சார். நீங்கதான் நேரத்துக்கு வந்துடுவீங்களே, எழுத ஒண்ணுமில்லையே."

விர்யோவின் முகம் விழுந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகச் சரியான நேரத்துக்கு வந்து, பூட்டிய கதவுகளின் முன்னால் நின்றிருக்கிறார். அதை ஒருத்தர் கவனித்து எழுதியிருந்தால் அந்த ஒரு வரி போதும் அவருக்கு. ஊரிலுள்ள சோம்பேறிகளுக்கெல்லாம் அட்டவணையில் இடம் இருக்கிறது, எனக்கு இல்லையா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பூஜ்யமும் ஒரு எண்தான் என்றார். வெனிங் அவசரமாக ஒரு வரிசை போட்டு, ஆசிரியர் இ, பூஜ்யம் என்று பென்சிலால் எழுதினாள்.

அப்போது சுப்ராப்தோவுக்கு ஒரு யோசனை உதித்தது. இன்றைக்கு அவர் வந்ததும் ஒரு சந்திப்புதானே? அதைச் சேர்க்க வேண்டாமா? நாற்பத்திரண்டாவது, ஐந்து நிமிடம் முன்னால். வெனிங் கணக்கிட்டாள். எண்பத்தேழு புள்ளி ஏழு வந்தது. அவர் எண்பத்தேழு என்று எழுதச் சொன்னார். விர்யோ எதிலும் துல்லியம் பார்ப்பவர், அரைக்கு மேல் போனால் எண்பத்தெட்டுதான் என்று விடாப்பிடியாக நின்றார். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எள்ளுருண்டைகள் தீர்ந்துபோயின. கடைசியில் எண்பத்தெட்டு என்று முடிவானது. சுப்ராப்தோ அந்த எண்ணைத் தள்ளி வைத்துப் பார்த்தார். ரெண்டு குறைஞ்சிருக்குல்ல, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வெனிங் சுவரைப் பார்த்தாள். மணி பத்து நாற்பத்தொன்பது.

தேர்வு அறைக்குள் எல்லோரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் கடிகாரத்தைக் காட்டினாள். எழுத்தர் பதினொன்றுக்கே மூடிவிடுவார் சார் என்றாள். பதினொன்றே கால் இல்லையா என்று மேடம் கேட்க, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அதில் எழுத்தரும் இருந்தார்.

ஆளுக்கொரு கேள்வி என்று முடிவாயிற்று. மேடம் ஒரு சூத்திரத்தைக் கேட்டார், சொன்னாள். விர்யோ அந்த நூற்றிருபது பேரை எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டார், சொன்னாள். சுப்ராப்தோவின் முறை வந்தது.

"கழிச்சுச் சொன்ன ஆள் நேரத்துக்கு வந்துட்டா என்ன ஆகும்? அது உன் ஆய்வுல எங்க இருக்கு?"

"இல்ல சார்," என்றாள். "நான் அதை நினைக்கவே இல்ல. அப்படி வந்தா, தாமதமா வர்றது நானா இருப்பேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேர்ச்சி, ஆனால் திருத்தம் உண்டு. அட்டவணையில் ஆசிரியர் அ எண்பத்தெட்டு, ஆசிரியர் இ பூஜ்யம், கடைசியாக இன்னொரு வரிசை: ஆய்வாளர், ஒரு சந்திப்பு, நாற்பத்தைந்து நிமிடம். மற்றதற்கெல்லாம் தலையாட்டிய வெனிங் இதற்கு மட்டும் ஒரு கணம் தயங்கினாள். நாற்பத்தைந்து என்பது அவளுக்குச் செருப்படியாக விழுந்தது. பேனாக்கள் வெளியே வந்தன. பத்து ஐம்பத்தாறுக்கு மூன்று கையெழுத்தும் விழுந்தன.

அலுவலகம் கீழ்த்தளத்தில், நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. வெனிங் குதிகால் செருப்போடு இரண்டு படி இறங்குவதற்குள் கால் மடங்கியது. விர்யோ தாளை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினார். ரப்பர் செருப்பு அன்று அவருக்குத் துணை நின்றது. எழுத்தர் சன்னல் கதவில் கை வைத்தபோது அவர் முழங்கையை உள்ளே நீட்டிவிட்டார். இன்னும் பதினேழு நிமிடம் இருக்கிறது, நான் நேரத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் மூச்சிரைக்கச் சொன்னதில் இருபத்திரண்டு வருட வேகம் இருந்தது. எழுத்தர் பயந்துபோய் முத்திரையைக் குத்தினார்.

வெனிங் படியிலேயே உட்கார்ந்து ஊருக்குப் பேசினாள். அப்பா முதலில் நம்பவில்லை, பிறகு அழுதார். ஆட்டை ஒன்றும் செய்ய மாட்டோம், கோழிதான் என்று அம்மா பின்னாலிருந்து சொன்னாள்.

தொழுகைக்கு அழைப்பு வந்தது, வளாகம் காலியானது. பதினொன்றரைக்குச் சிநேகிதிகள் வரவில்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. வெனிங்கும் ராத்ரியும் மிச்சமிருந்த ஒரு பெட்டியைப் பிரித்து ஒட்டரிசியைப் பாதியாகப் பிய்த்துத் தின்றார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு ஐந்து பேர் மூன்று ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். வாடிய பூச்செண்டு, தங்க எழுத்துப் பதித்த சால்வை, வெனிங் என்று பெயர் எழுதிய அட்டை. அந்த நேரம் பார்த்து சுப்ராப்தோ தொழுகை முடிந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி திரும்பிக்கொண்டிருந்தார். கும்பலைப் பார்த்ததும் நின்றார்.

"இவங்களை எத்தனை மணிக்கு வரச்சொன்னே?"

"பத்தரைக்கு சார்."

"வந்துக்கிட்டேதான் சார் இருந்தோம், பத்து மணிலேர்ந்து," என்றாள் பூச்செண்டு வைத்திருந்தவள்.

சுப்ராப்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதட்டுக்குள் கணக்குப் போட்டார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை வெனிங் ஏழு வருடத்தில் பார்த்ததில்லை.

"நூத்தி முப்பது," என்றார். "ஏம்மா, என்னைவிட மோசம். இதையும் சேத்துடு, மேல போடு."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். வெனிங் சால்வையைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தபடியே தொண்ணூற்று நாலாம் பக்கத்தைத் திறந்தாள். சிநேகிதிகளுக்கு நூற்று முப்பது என்று எழுதினாள். பிறகு கீழே, அதுவரை வெறுமனே விட்டுவைத்திருந்த கடைசி வரிசையில், தன் பெயரை மறைக்காமல் அப்படியே எழுதி, எதிரே நாற்பத்தைந்து என்று போட்டாள். இடப்பக்கம் நாலு சென்டிமீட்டர் விட்டுத்தான் எழுதினாள்.